மேகக் காப்புப்பிரதி

மேகக் காப்புப்பிரதி என்பது ஒரு கணினியில் அல்லது வழங்கியில் உள்ள கோப்புகள், தரவுத்தளங்கள், இயங்குதளம் ஆகியவற்றின் படியை இணையத்தின் வழியாகத் தொலைவிலுள்ள தரவு மையம் ஒன்றில் சேமித்து வைக்கும் முறையாகும். மூலக் கணினி பழுதடைந்தாலோ, களவு போனாலோ, தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தாலோ அப்படியைக் கொண்டு முன்னைய நிலையைத் திரும்பப் பெறுவது மீட்பு எனப்படும். பேச்சு வழக்கில் இதனைப் 'பேக்கப் எடுத்தல்' என்பர். இச்சொல்லில் எடுத்தல் மட்டுமே உள்ளது, திரும்பக் கொண்டுவருதல் இல்லை. ஆனால் இழப்புகள் பலவும் இந்த இரண்டாம் பகுதியிலேயே நேர்கின்றன.

வங்கக் கடற்கரையில் அமைந்த புதுச்சேரி நகரம் இம்முறையை விளங்கிக்கொள்ளப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகும். புயல்கள் அடிக்கடி கரைகடக்கும் இடத்தில் அது அமைந்துள்ளது. அத்துடன், ஆவணங்களின் மறுபடியைக் கடல்கடந்த ஊரில் வைத்துக் காக்கும் வழக்கம் கணினிக்கு இரு நூற்றாண்டுகள் முன்னரே அங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது.

வெர்சாய்க்குச் சென்ற படிகள்

1761 சனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி, கோட்டையையும் நகரின் பெரும்பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையின்படியே நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கு உரியதாயிற்று. போர் மட்டுமன்றி வெப்பம், ஈரப்பதம், கறையான், தீ ஆகியனவும் குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளைத் தின்றுவந்தன. 1776 சூன் மாதத்தில் பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி ஓர் ஆணையின் மூலம் வெர்சாயில் 'குடியேற்றங்களின் பொது ஆவணங்களுக்கான வைப்பகம்' ஒன்றை நிறுவினார். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள், பத்திரப் பதிவாளர்களின் ஆவணங்கள், நீதிமன்றப் பதிவுகள் முதலியவற்றின் கூடுதல் படி ஒன்றைக் குடியேற்றங்கள் கப்பல்வழி அங்கு அனுப்பவேண்டும் என்பது அவ்வாணையின் சாரம்.

இன்றைய கணினித் துறையினர் 'இடம் கடந்த காப்புப்பிரதி' என்று அழைப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. மூலமும் படியும் ஒரே பேரிடரில் அழியக்கூடாது என்பதே இரண்டின் நோக்கம். இம்முறையின் குறையும் இன்றைய குறையே. கப்பல் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும். கடைசிக் கப்பலுக்குப் பின் எழுதப்பட்டவை நகரத்தோடு சேர்ந்து அழியும். இணையவழியில் இந்த இடைவெளி ஒரு நாளாகவோ ஒரு மணியாகவோ சுருங்கியிருக்கிறது, மறையவில்லை.

இப்படிகளின் பயன் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்திய ஆட்சிக்கு மாற்றப்பட்டது. 1956 மே 28 இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகத்து 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நிலப்பகுதியில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு மாதங்களுக்குள் எழுத்துமூலம் அறிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக் கொள்ளலாம் என அது கூறியது. ஆகவே பிறந்த ஊர், பிறந்த நாள், பெற்றோர் பெயர் என்னும் ஒரு பதிவு ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகள் எந்த நாட்டினர் என்பதற்கே சான்றாக நிற்கிறது. அப்பதிவு ஒரே இடத்தில் மட்டும் இருந்து அழிந்திருந்தால், அக்குடும்பத்தின் வாய்ச்சொல்லே மிஞ்சியிருக்கும். பிரெஞ்சு இந்தியாவின் பழைய குடிப்பதிவேடுகளை, தென் பிரான்சின் எக்சு-ஆன்-புரோவான்சு நகரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகம் இன்று எண்ணிமப் படங்களாக இணையத்தில் வைத்துள்ளது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1736 இல் தொடங்கி அவர் இறந்த 1761 வரை எழுதப்பட்ட இக்குறிப்பு, 1846 இல் கலுவா-மோன்பிரன் என்பவரால் கண்டறியப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. எதுவார் ஆரியேல் எடுப்பித்த மற்றொரு படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 1904 முதல் 1928 வரை சென்னையில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, படியொன்றை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டதே. படியெடுத்தவர்கள் இல்லையெனில் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி இவ்வளவு அறிந்திருக்க இயலாது.

மேகம் எங்குள்ளது

மேகக் கணிமை என்னும் பெயர் ஒருவகையில் தவறான எண்ணத்தைத் தருகிறது. தரவு வானில் எங்கும் இருப்பதில்லை. ஏதோ ஒரு நகரில், ஒரு கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட அறையில் அடுக்கப்பட்ட வன்தட்டுகளில் உள்ளது. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் தொடங்கிய 'எசு3' சேமிப்புச் சேவை, இடத்தை வாடகைக்குக் கொடுப்பது போல் சேமிப்பைக் கொடுக்கும் முறையைப் பரவலாக்கியது. அதன்பின் மைக்ரோசாப்ட், கூகுள் ஆகியனவும் இத்துறையில் இறங்கின. பொதுமக்கள் அறிந்த டிராப்பாக்சு 2008 இலும் கூகுள் டிரைவ் 2012 இலும் வெளிவந்தன.

பெரிய சேவைகள் ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, சில துண்டுகள் கெட்டாலும் எஞ்சியவற்றிலிருந்து முழுக் கோப்பையும் கணக்கிட்டுப் பெறும் வகையில் பல வன்தட்டுகளிலும் பல கட்டடங்களிலும் பரப்பி வைக்கின்றன. எசு3 சேவை 99.999999999 விழுக்காடு நீடிப்புத் தன்மைக்காக வடிவமைக்கப்பட்டது என்பது அந்நிறுவனத்தின் கூற்று. ஒரு கோடிக் கோப்புகளை வைத்தால் சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒரு கோப்பே தொலையும் என்பது இதன் பொருள். இக்கணக்கு வன்தட்டுப் பழுதைப் பற்றியது மட்டுமே. பயனர் தாமே அழித்த கோப்பு, கடவுச்சொல்லைத் திருடியவர் அழித்த கோப்பு, கட்டணம் செலுத்தாததால் மூடப்பட்ட கணக்கு ஆகியவை இக்கணக்கில் சேரா. விளம்பரங்களில் இந்த எண்ணைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுவாகும்.

ஒத்திசைவும் காப்புப்பிரதியும்

கணினியின் ஒரு கோப்புறையை மேகத்துடன் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருப்பது ஒத்திசைவு ஆகும். இதனைக் காப்புப்பிரதி எனக் கருதுவது பரவலான பிழை. கணினியில் ஒரு கோப்பை அழித்தால் ஒத்திசைவு மென்பொருள் மேகத்திலும் அதனை அழிக்கும். கோப்பு கெட்டுப்போனால் கெட்ட கோப்பே மேலேற்றப்படும். நல்ல படியின்மேல் கெட்ட படி எழுதப்படுவது சில நொடிகளில் முடிந்துவிடும். பல சேவைகள் அழித்த கோப்பைக் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் குப்பைத்தொட்டியில் வைத்திருக்கின்றன. பிழை அதற்குப் பின் தெரியவந்தால் பயனில்லை.

காப்புப்பிரதியில் காலம் உண்டு. நேற்றைய நிலை, சென்ற வார நிலை, சென்ற மாத நிலை எனப் பல நிலைகள் தனித்தனியே இருக்கும். காந்த நாடாக்கள் பயன்பட்ட நாளில் நாள்தோறும் எடுத்த படியை மகன் என்றும், வாரப் படியைத் தந்தை என்றும், மாதப் படியைத் தாத்தா என்றும் அழைத்தனர். மேகச் சேமிப்பிலும் இதே ஒழுங்கு பின்பற்றப்படுகிறது.

பணயத் தீநிரல்கள் பரவியபின் இவ்வேறுபாடு உயிர்நிலையான ஒன்றாகிவிட்டது. இந்நிரல்கள் கணினியில் உள்ள கோப்புகளை மறையாக்கம் செய்து, திறவுகோலுக்குப் பணம் கேட்கும். கணினியோடு இணைந்திருக்கும் வெளி வன்தட்டையும், ஒத்திசையும் கோப்புறையையும் சேர்த்தே பாழாக்கும். 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் வழங்கிகள் இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாயின. நோயாளர் பதிவு, ஆய்வக முடிவுகள் முதலிய பணிகள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காகிதத்தில் நடந்தன. பாதிக்கப்படாத காப்பு வழங்கி ஒன்றிலிருந்து தரவுகள் மீட்கப்பட்டுப் புதிய வழங்கிகளில் ஏற்றப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. தாக்குதலில் இரண்டு செய்திகள் தெரியவருகின்றன. படி இருந்ததால் தரவு பிழைத்தது. படி இருந்தும் பணி திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று.

இவ்வகைத் தாக்குதலைத் தடுக்க, குறித்த காலம்வரை எவராலும், கணக்கின் உரிமையாளராலும்கூட, அழிக்கவோ மாற்றவோ இயலாதபடி படியைப் பூட்டிவைக்கும் வசதியை மேகச் சேவைகள் தருகின்றன. சிறு அலுவலகங்கள் இவ்வசதியைக் கட்டாயம் இயக்கிவைக்கத் தகும்.

படி எடுக்கும் முறை

கோப்புகளை மட்டும் படியெடுப்பது ஒரு வகை. இயங்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள், கோப்புகள் என வன்தட்டு முழுவதையும் ஒரே படிமமாக எடுப்பது மற்றொரு வகை. முதலாவது சிறியது, ஆனால் மீட்கும்போது இயங்குதளத்தையும் ஒவ்வொரு மென்பொருளையும் மறுபடி நிறுவவேண்டும். இரண்டாவது பெரியது, ஆனால் வெறும் கணினி ஒன்றில் அப்படியே இறக்கிவிடலாம். விண்டோசில் உள்ள 'சிசுடம் ரெசுட்டோர்' வசதி இவ்விரண்டில் எதுவும் அன்று. அது அமைப்புகளை முன்னைய நிலைக்குத் திருப்புமேயன்றிப் பயனரின் கடிதங்களையும் ஒளிப்படங்களையும் காப்பதில்லை.

முதல்முறை முழுவதும் ஏற்றப்படும். அடுத்தடுத்த முறைகளில் மாறிய பகுதிகள் மட்டும் ஏற்றப்படும். நல்ல மென்பொருள்கள் கோப்பைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு, முன்பே சேமிக்கப்பட்ட தொகுதியை மீண்டும் அனுப்பாமல் விடுகின்றன. கட்டற்ற மென்பொருள்களான ரெசுடிக், டூப்ளிகாட்டி முதலியன இவ்வாறு இயங்குபவை. இவை தரவைக் கணினியிலேயே மறையாக்கம் செய்து அனுப்புவதால், சேமித்து வைக்கும் நிறுவனத்தாலும் அதனைப் படிக்க இயலாது. அக்கடவுச்சொல் மறந்துபோனால் உரிமையாளராலும் படிக்க இயலாது.

இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை வெறும் கோப்பாகப் படியெடுத்தல் கூடாது. கணக்குப் பதிவேட்டில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் பக்கம் பக்கமாகப் படியெடுப்பதைப் போன்றது அது. வரவு பழையதாகவும் செலவு புதியதாகவும் அமைந்துவிடும். தரவுத்தளத்தின் சொந்த ஏற்றுமதிக் கட்டளையைக் கொண்டோ, ஒரு கணத்தின் நிலையை உறையவைக்கும் வசதியைக் கொண்டோ எடுக்கவேண்டும்.

அளவும் வேகமும் நடைமுறையில் பெருந்தடை ஆகின்றன. மேலேற்று வேகம் நொடிக்கு 20 மெகாபிட்டு எனில் ஒரு டெராபைட்டை ஏற்ற நான்கரை நாட்களுக்கு மேல் ஆகும். ஓலைச்சுவடிக் காப்பகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 150 ஓலைகள் கொண்ட ஒரு கட்டை இருபுறமும் தனித்தனியே படமெடுத்தால் 300 படங்கள். ஒரு படம் 50 மெகாபைட்டு எனில் ஒரு கட்டுக்கு 15 கிகாபைட்டு. ஆயிரம் கட்டுகளுக்கு 15 டெராபைட்டு. அதே வேகத்தில் இரவுபகல் ஓயாது ஏற்றினாலும் ஏறத்தாழ 70 நாட்கள் ஆகும். இதனாலேயே முதல் படியை வன்தட்டில் எழுதிக் கூரியரில் அனுப்புவதும், பிற்சேர்க்கைகளை மட்டும் இணையத்தில் அனுப்புவதும் இன்றும் வழக்கில் உள்ளன. வெர்சாய்க் கப்பல் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை எனலாம்.

மீட்பு

எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம், எவ்வளவு நேரம் பணி நின்றிருக்கலாம் என்னும் இரு கேள்விகளுக்கு விடை கண்டபின்னரே ஒரு காப்புத் திட்டத்தை வகுக்க இயலும். நாள்தோறும் நள்ளிரவில் படியெடுக்கும் மருந்தகத்தின் கணினி மாலை ஆறு மணிக்கு நின்றால், அன்றைய விற்பனை முழுவதும் போய்விடும். அது பொறுத்துக்கொள்ளத் தக்கதா என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்கவேண்டும், மென்பொருள் தீர்மானிக்காது.

இரண்டாம் கேள்வியில் பலர் ஏமாறுகின்றனர். 250 கிகாபைட்டு கொண்ட கணினிப் படிமத்தை நொடிக்கு 50 மெகாபிட்டு வேகத்தில் இறக்க 11 மணி நேரம் ஆகும். புயலுக்குப் பின் இணையமே இல்லாத ஊரில் அது நடவாது. ஆகையால் மேகப் படியோடு, அலுவலகத்திலேயே ஒரு வெளி வன்தட்டில் மற்றொரு படியும் வைக்கப்படுகிறது. அன்றாடப் பழுதுகளுக்கு அருகிலுள்ள படி, பேரிடருக்குத் தொலைவிலுள்ள படி. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறு ஊரில் என்னும் '3-2-1' விதி இதிலிருந்து பிறந்தது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இவ்விதியைத் தம் நூலின் வாயிலாகப் பரப்பினார்.

நேரம் மிகமிகக் குறைவாக இருக்கவேண்டிய மருத்துவமனை, வங்கி போன்றவற்றில் படிமத்தைக் கீழிறக்காமல், மேகத்திலேயே ஒரு மெய்நிகர்க் கணினியாக இயக்கி, மூலக் கணினி சரியாகும்வரை அங்கிருந்தே பணிசெய்யும் முறை உண்டு. செலவு மிகுதி. பல சேவைகளில் ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை, இறக்குவதற்கு உண்டு. குறைந்த வாடகையுள்ள ஆழ்நிலைச் சேமிப்பில் வைத்த தரவு கைக்கு வரப் பல மணி நேரம் காத்திருக்கவும் நேரும்.

வெறும் கணினியில் மீட்பதற்கு, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் மீட்புப் பென்டிரைவ் ஒன்று முன்னரே தேவை. அத்துடன் மேகக் கணக்கின் கடவுச்சொல், மறையாக்கத் திறவுகோல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான எண்கள் ஆகியன கணினிக்கு வெளியே காகிதத்தில் இருக்கவேண்டும். கணினிக்குள்ளேயே கடவுச்சொல் கோப்பை வைத்து, அக்கணினியின் காப்புப்பிரதிக்குள் அதனையும் பூட்டிவைத்தவர்கள், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்களே.

மீட்டுப் பார்க்காத படியை நம்ப இயலாது. மென்பொருள் உருவாக்குநர்களுக்குச் சேவை வழங்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 சனவரி 31 அன்று, களைப்புற்ற பணியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். அந்நிறுவனம் ஐந்து வகைக் காப்பு முறைகளை வைத்திருந்தது. அவற்றுள் எதுவும் நம்பத்தக்க வகையில் இயங்கவில்லை என்பது அன்றிரவே தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுக்கப்பட்ட படி ஒன்று காப்பாற்றியது. நடந்ததை அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டத்தக்கது. ஆண்டுக்கு இருமுறையேனும் வேறொரு கணினியில் முழுமையாக மீட்டு, பணியாளர் ஒருவர் அதில் வேலைசெய்து பார்ப்பதே போதிய சோதனை.

எழுத்துருச் சிக்கல்

தமிழ்க் கோப்புகளுக்குத் தனியே ஒரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி முதலிய எழுத்துருக்களிலும், திசுகி, தாப், தாம் குறியேற்றங்களிலும் தட்டெழுதப்பட்டவை ஏராளம். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது 2010 இல்தான். அச்சகங்களில் பேச்மேக்கர் மென்பொருளில் அமைத்த நூல்கள், திருமண அழைப்பிதழ்கள், கோயில் மலர்கள் எல்லாம் இவ்வகைக் குறியேற்றங்களில் உள்ளன. இருபதாண்டு கழித்து மேகத்திலிருந்து அக்கோப்பைப் பிழையின்றி மீட்டாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையில் இலத்தீன் எழுத்துக்களின் குவியலே தெரியும். ஒவ்வொரு பைட்டும் நலமாக இருக்கும், நூல் இராது.

எனவே பழைய கோப்புகளோடு எழுத்துருக் கோப்பு, பயன்படுத்திய விசைப்பலகை, குறியேற்றத்தின் பெயர் ஆகியவற்றையும் சேர்த்துக் காக்கவேண்டும். இயன்றவற்றை ஒருங்குறிக்கு மாற்றி மூலத்தோடு வைப்பது மேலும் நன்று. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் பழைய மின்னூல்களைத் திசுகியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியது இதற்கு நல்ல முன்மாதிரி. கணினிப் படிமத்தை முழுமையாக எடுப்பதில் எழுத்துருவும் பழைய மென்பொருளும் சேர்ந்தே வந்துவிடுகின்றன என்பது அம்முறையின் எதிர்பாராத நன்மை.

மேகம் தவறிய நிகழ்வுகள்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் இசுட்ராசுபூர்க்கு நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. வழங்கியும் அதன் காப்புப்பிரதியும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். இது தொடர்பாக 2023 இல் பிரெஞ்சு வணிக நீதிமன்றம் ஒன்று வாடிக்கையாளருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொலைவில் வைத்தோம் என நினைத்தவர்கள், தமக்குத் தொலைவிலும் ஒன்றுக்கொன்று அருகிலும் வைத்திருந்தனர்.

2024 மே மாதத்தில் ஆத்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் மேக அமைப்பு, கூகுள் நிறுவனத்தின் உள்ளமைவுப் பிழையொன்றால் அழிக்கப்பட்டது. சேவை ஒரு வாரத்துக்கு மேல் தடைப்பட்டது. தனியாக வைத்திருந்த காப்புப்பிரதிகளும், வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த படியும் மீட்புக்கு உதவின.

இவற்றினும் பெரிய இழப்பு தென்கொரியாவில் நேர்ந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தேசான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் பணிக்கோப்புகளைக் கொண்ட 'சி-டிரைவ்' என்னும் அரசு மேகச் சேமிப்பு அதில் அழிந்தது. அதில் 858 டெராபைட்டு தரவு இருந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளிக் காப்புப்பிரதி எடுக்கப்படவில்லை. கோப்புகளைத் தம் கணினியில் வைக்காமல் மேகத்தில் வைக்குமாறு ஊழியர்கள் முன்னர் அறிவுறுத்தப்பட்டிருந்தனர். மேகத்தில் இருக்கும் ஒரே படி காப்புப்பிரதி ஆகாது, அது மூலமே.

புதுச்சேரியில்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தது. நகரத்தின் மரங்களும் மின்கம்பங்களும் வீழ்ந்தன. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரைகடந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரைகடந்த பெஞ்சல் புயலின்போது நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை பெய்து, வீடுகளும் அலுவலகங்களும் நீரில் மூழ்கின. தரைத்தளத்தில் மேசைக்கடியில் வைக்கப்படும் கணினிப் பெட்டிக்கு முழங்காலளவு நீரே போதும். அதே அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த வெளி வன்தட்டுக்கும் அதுவே நேரும்.

மேகச் சேவைகளின் இந்திய மையங்களைத் தெரிவு செய்யும்போதும் இது கருதப்படவேண்டும். மைக்ரோசாப்ட் 2015 இல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016 இல் மும்பையிலும் 2022 இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017 இல் மும்பையிலும் 2021 இல் தில்லியிலும் திறந்தன. சென்னை, புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் அதே கடற்கரையில் உள்ளது. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்சாம் புயலையும் கண்ட நகரம் அது. தரவு மையங்கள் வெள்ளத்தைத் தாங்குமாறு கட்டப்படுகின்றன எனினும், ஒரே பருவமழைக்கு உட்பட்ட இரு இடங்களில் மூலத்தையும் படியையும் வைப்பதைவிட, புனேயையோ ஐதராபாத்தையோ தேர்வது தகும். கட்டணத்தில் பெரிய வேறுபாடு இராது. தேசியத் தகவலியல் மையமும் தன் தேசியத் தரவு மையங்களைத் தில்லி, புனே, ஐதராபாத்து, புவனேசுவரம் எனப் பல திசைகளில் பரப்பியே வைத்துள்ளது.

நகரில் இம்முறையின் தேவையை நன்கு காட்டுவது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகும். 1955 இல் இழான் பிலியோசா அவர்களால் தொடங்கப்பட்ட இந்நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் காத்துவரும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. யுனெசுக்கோ 2005 இல் இத்தொகுப்பை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. தென்னிந்திய ஊர்களில் இருந்த ஓலைகளைப் பார்த்துக் காகிதத்தில் கையால் எழுதிய ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளும் இங்குள்ளன. பின்னாளில் இப்படிகள் எண்ணிமமாக்கப்பட்டு, முக்தபோதா நிறுவனத்தின் இணைய நூலகத்திலும் இடம்பெற்றன. கடற்கரையிலிருந்து சில நிமிட நடைதூரத்தில் உள்ள ஒரு கட்டடத்தை மட்டும் அவை இனி நம்பியிருக்கவில்லை.

தமிழகத்து உழவுத்தொழில் வரலாற்று ஆவணங்களைக் குடும்பங்களிடமிருந்து திரட்டி எண்ணிமமாக்கிய இந்நிறுவனத்தின் திட்டம், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியுடன் நடந்தது. அத்திட்டத்தின் விதிப்படி மூலச் சுவடிகள் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை. எண்ணிமப் படி ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் மற்றொன்று இலண்டனிலும் வைக்கப்படும். 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகமே பணயத் தீநிரல் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கியதை இங்குக் குறிப்பிடவேண்டும். அக்காலத்தில் இலண்டன் படியை இணையத்தில் பார்க்க முயன்றவர்கள் ஏமாற்றமடைந்தனர். உள்ளூர்ப் படி என்னும் விதியின் பயன் அப்போது விளங்கியது.

பிறப்பு இறப்புப் பதிவுகள் இன்று கணினியிலேயே பிறக்கின்றன. 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் இவற்றைத் தேசிய அளவிலான தரவுத்தளத்தில் பேண வழிசெய்கிறது. அந்நாளிலும் அதன் பின்னரும் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் முதலியவற்றுக்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழ் விளங்கும். 1776 இல் மூன்றாம் படிக்காகப் பதிவேட்டைத் திரும்ப ஒருமுறை கையால் எழுதவேண்டியிருந்தது. இன்று அதற்கு ஒரு கட்டளை போதும், ஆயினும் அதனை யாராவது இடவேண்டும்.